பெத்லகேம் சதுக்கத்து மாதர் கழகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஐரோப்பாவின் பழைய சங்கங்களைப் பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, செக் நாட்டின் தலைநகரான பிராகாவில் 1865ஆம் ஆண்டு தொடங்கிய "அமெரிக்க மாதர் கழகம்" என்ற அமைப்பை இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். பெண்கள் கூடி அறிஞர்களை அழைத்துத் தங்கள் நாட்டின் மொழி, வரலாறு, கலை, அறிவியல் ஆகியவற்றைப் பற்றி உரை கேட்ட கழகம் அது என்பதற்கு மேல் அங்கு எதையும் சொல்ல இடமிருக்கவில்லை. அந்த இரண்டு வரிகளைப் பற்றிக் கேட்டே இந்த மாதம் மிகுதியான கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

செக் பெண்கள் நடத்திய கழகத்துக்கு "அமெரிக்க" என்ற பெயர் எப்படி வந்தது? அமெரிக்கப் பெண்கள் எவரேனும் தொடங்கி வைத்தார்களா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

அமெரிக்கப் பெண் எவரும் தொடங்கவில்லை. அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய செக் நாட்டு ஆண் ஒருவரின் வீட்டில் அது தொடங்கியது. அவர் பெயர் வோய்தா நாபிர்ஸ்தெக். 1826இல் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் முதலில் ஜெர்மன் மொழியில் "ஃபிங்கர்ஹுட்" என்று இருந்தது. தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் சிறிய உலோகக் குப்பிக்கு அம்மொழியில் வழங்கும் பெயர் அது. அதே பொருளுக்குச் செக் மொழியில் உள்ள சொல்தான் "நாபிர்ஸ்தெக்". ஆதிக்க மொழியில் இருந்த தம் பெயரைத் தாய்மொழிக்கு மாற்றிக்கொண்ட மனிதர் என்று தெரிந்துகொண்டால், அவருடைய வீட்டில் பின்னாளில் என்ன நடந்தது என்பது பாதி விளங்கிவிடும்.

1848ஆம் ஆண்டுப் புரட்சியில் கலந்துகொண்டதால் ஆஸ்திரிய அரசின் கண்ணில் பட்ட அந்த இளைஞர், அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று மில்வாக்கி நகரில் புத்தகக் கடை வைத்துப் பிழைத்தார். 1858இல் ஊர் திரும்பியபோது, பெண்களின் கல்வியைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் அங்கே உருவான எண்ணங்களை உடன் கொண்டுவந்தார். பிராகாவின் பெத்லகேம் சதுக்கத்தில் "ஹலாங்கு வீடு" என்று வழங்கிய அவருடைய குடும்ப இல்லத்தில், அவருடைய தாய் பீர் ஆலையும் வடிசாலையும் நடத்தி வந்தார். கழகத்துக்கும் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பின்னாளில் இடமும் பணமும் கிடைத்தது அந்தத் தாயின் உழைப்பால்தான் என்பதை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்; எனக்கு அது சரியாகப் படவில்லை.

1862இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்ற நாபிர்ஸ்தெக், தையல் இயந்திரம் முதலான வீட்டுக் கருவிகளை வாங்கி வந்து பிராகா மக்களுக்குக் காட்டினார். ஆண்கள் அணியும் சட்டை ஒன்றைக் கையால் தைத்து முடிக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றும், இயந்திரத்தில் 1 மணி 16 நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் அக்காலத்து அமெரிக்கத் தையல் இயந்திர நிறுவனம் ஒன்று கணக்கு வெளியிட்டிருந்தது. விற்பவர் கணக்கு என்று அதில் ஓரளவு கழித்துக்கொண்டாலும், ஒரு சட்டைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரு பெண்ணின் கைக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்த நேரத்தை அவள் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்பதே நாபிர்ஸ்தெக்கின் வாதம். கருவிகளைப் பார்க்க வந்த பெண்களுக்கு அந்த வாதம் பிடித்துப் போயிற்று. எழுத்தாளர் கரோலினா ஸ்வெத்லாவும் அவருடைய தங்கையும் எழுத்தாளருமான சோபியே பொத்லிப்ஸ்காவும் முன்னின்று தூண்ட, 1865இல் அங்கே தொடர் உரைகள் தொடங்கின. அமெரிக்க எண்ணங்களும் அமெரிக்கக் கருவிகளும் நிறைந்த வீட்டில் கூடியவர்களுக்கு "அமெரிக்க மாதர் கழகம்" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற மாதர் கழகங்களான நியூயார்க்கின் சொரோசிஸ், பாஸ்டனின் நியூ இங்கிலாந்து மாதர் கழகம் ஆகிய இரண்டும் 1868இல்தான் தோன்றின. பிராகாவின் கழகம் அவற்றுக்கு மூன்று ஆண்டுகள் மூத்தது.

அங்கே யார் பேசினார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள்? நாட்டின் பழம்பெருமை மட்டும்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

பழம்பெருமை மட்டும் பேசியிருந்தால் அந்தக் கழகம் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் அக்காலத்துப் பிராகாவின் மொழி நிலையைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியப் பேரரசின் ஆளுகையில் இருந்த அந்நகரில், அலுவலகத்துக்கும் உயர்கல்விக்கும் உரிய மொழியாக ஜெர்மன் இருந்தது. வசதியுள்ள வணிகர் குடும்பங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் ஜெர்மன் மொழியும் பிரெஞ்சும் பியானோவும்தான். செக் மொழி சமையற்கட்டுக்கும் வேலைக்காரர்களிடம் பேசுவதற்கும் உரியது என்ற எண்ணம் பல வீடுகளில் வேரூன்றியிருந்தது. 1830இல் பிராகா வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்த கரோலினா ஸ்வெத்லாவும் இத்தகைய கல்வியைப் பெற்று, அதை மீறித்தான் செக் எழுத்தாளரானார். "பாட்டி" என்ற நாவலை 1855இல் வெளியிட்ட பொஷெனா நெம்சோவாவின் நட்பு அவருக்குத் துணையாக அமைந்தது. "ஸ்வெத்லா" என்பதும் புனைபெயரே. கணவர் பிறந்த மலையடிவாரச் சிற்றூரின் பெயரைத் தமக்குப் பெயராக வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட நகரில், பெண்கள் நிறைந்த அறையில் நின்று, மனித உடலைப் பற்றியும் வானியலைப் பற்றியும் மெய்யியலைப் பற்றியும் ஓர் அறிஞர் செக் மொழியிலேயே பேசினார் என்றால், அது இரண்டு பூட்டுகளை ஒரே நேரத்தில் திறப்பதற்குச் சமம். பெண்ணுக்கு அறிவியல் எதற்கு என்ற பூட்டு ஒன்று. செக் மொழியில் அறிவியலைச் சொல்ல முடியுமா என்ற பூட்டு இன்னொன்று. அங்கே பேசியவர்களுள் உடலியங்கியல் அறிஞர் யான் புர்கின்யேயும் ஒருவர். மூளையில் உள்ள ஒருவகை நரம்பணுக்களுக்கு இன்றும் உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. செக் மொழியில் இயற்கை அறிவியலுக்கென்று 1853இல் "ஷிவா" என்ற இதழைத் தொடங்கியவரும் அவரே. கழகம் பிறந்தபோது எழுபது வயதைத் தாண்டியிருந்த அவர், உலகப் புகழ் பெற்ற பிறகும் மாதர் கழகம் ஒன்றில் பேசுவதைத் தமக்குக் குறைவாக நினைக்கவில்லை. கலைச்சொற்களை உருவாக்குவதற்காகத் தமிழில் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார்கள் என்று அறிந்தவர்களுக்கு, ஒரு புதிய சொல் புத்தகத்தில் இருப்பதற்கும் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வாய்கள் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். பிராகாவில் அந்த வாய்களுள் பல பெண்களுடையவை.

பின்னாளில் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான தோமாஷ் மசாரிக், பேராசிரியராக இருந்த காலத்தில் அங்கு உரையாற்றியிருக்கிறார். அவருடைய மனைவி ஷார்லட் காரிக் அமெரிக்கர். மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயரின் நடுவில் சேர்த்துக்கொண்டு "தோமாஷ் காரிக் மசாரிக்" என்றே அவர் வாழ்நாள் முழுதும் கையொப்பமிட்டார்.

வரலாறும் இலக்கியமும் நாட்டுப்புற வழக்கங்களும் உரைகளில் இடம்பெறாமல் இல்லை. ஆனால் அவை வேதியியலுக்கும் உடல்நலத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பேசப்பட்டன. தேசப் பண்பாடு என்பது அருங்காட்சியகப் பெட்டிக்குள் இருக்கும் பழம்பொருள் மட்டும் அன்று, இன்றைக்கு அந்த மொழியில் நினைக்க முடிகிற அனைத்துமே அதில் அடங்கும் என்று அவர்கள் கொண்ட நிலைப்பாடு எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எத்தனையோ உரைக் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டு, கைதட்டி, காபி அருந்திவிட்டுக் கலைவதே வழக்கம். அந்தக் கழகத்தால் உருப்படியாக என்ன விளைந்தது?
– வாசகர், மதுரை

ஐயா, நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்தக் கடிதங்களிலேயே கடினமான கேள்வி. கேட்டவர்கள் பிறகு செய்தவற்றைச் சொல்வதே இதற்குப் பதிலாகும்.

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே மூண்ட போர் செக் மண்ணிலேயே நடந்தது. கணவரையும் தந்தையையும் இழந்த பெண்கள், பிழைக்க ஒரு கைத்தொழிலும் தெரியாமல் தவித்தார்கள். 1871இல் கரோலினா ஸ்வெத்லா தலைமையில் "செக் மகளிர் உற்பத்திச் சங்கம்" தொடங்கப்பட்டு, ஏழைப் பெண்களுக்குத் தையல், வணிகக் கணக்கு, ஓவியம் முதலானவை கற்பிக்கப்பட்டன. அதைத் தொடங்கியவர்கள் மாதர் கழகத்தில் உரை கேட்டுப் பழகிய அதே வட்டத்தினர். அடுத்த தலைமுறையில் வந்த கவிஞர் எலிஷ்கா கிராஸ்னோஹோர்ஸ்கா, "மகளிர் ஏடு" என்ற இதழைப் பல ஆண்டுகள் நடத்தினார். அவ்வளவோடு நிற்காமல், பெண்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று ஆயிரக்கணக்கான கையொப்பங்களைத் திரட்டி வியன்னா நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதன் பயனாக 1890இல் பிராகாவில் "மினர்வா" என்ற பள்ளி திறக்கப்பட்டது. நடு ஐரோப்பாவில் பெண்களுக்கென்று அமைந்த இத்தகைய முதல் உயர்நிலைப் பள்ளி அதுவே.

அப்பள்ளி திறந்தபோது பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1880இல், பொகுஸ்லாவா கெத்ஸ்கோவா என்ற செக் பெண் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மருத்துவப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். பிராகாவில் மருத்துவராகத் தொழில் செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மினர்வாவின் முதல் மாணவியர், நுழைய இடமில்லாத கல்லூரிக்காகவே லத்தீனும் கிரேக்கமும் படித்தார்கள். ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்களில் 1897இல் கலைத்துறையும் 1900இல் மருத்துவத் துறையும் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. 1902இல் பிராகாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான அன்னா ஹொன்சாகோவா, மினர்வாவில் படித்தவர்.

கலைத் துறையிலும் ஒரு சான்று இருக்கிறது. இசையமைப்பாளர் ஸ்மெதனா முற்றிலும் செவிகேளாதவராகிவிட்ட பிறகு இயற்றி, 1876இல் அரங்கேறிய "முத்தம்" என்ற இசைநாடகத்துக்கு மூலம், கரோலினா ஸ்வெத்லா எழுதிய சிறுகதை. அதைப் பாடலும் உரையாடலுமாக நாடகமாக்கியவர் கிராஸ்னோஹோர்ஸ்கா. மனைவியை இழந்த இளைஞன் ஒருவன் மறுமணத்துக்கு முன் தனக்கு நிச்சயித்த பெண்ணிடம் முத்தம் கேட்க, இறந்துபோன முதல் மனைவியின் நினைவுக்கு மரியாதை செலுத்தும் வகையில் திருமணம் முடியும்வரை தர முடியாது என்று அவள் மறுக்கிறாள். கதை முழுதும் அந்த ஒரு மறுப்பைச் சுற்றியே நடக்கிறது. செக் மக்கள் தங்கள் தேசிய இசையின் செல்வமாகக் கருதும் படைப்பு ஒன்றின் கருவும் சொல்லும் இந்த வட்டத்துப் பெண்களிடமிருந்து வந்தவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1867இல் ஆஸ்திரிய அரசு இயற்றிய சங்கச் சட்டம், அரசியல் சங்கங்களில் பெண்கள் உறுப்பினராவதைத் தடைசெய்தது. அரசியல் பேச உரிமையில்லாதவர்களுக்கு உரை கேட்கும் அறை ஒன்றே ஒன்றுகூடும் இடமாக இருந்தது. அதனால் அங்கே கேட்டது வெறும் பொழுதுபோக்காக முடியவில்லை.

கழகத்தில் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு இடம் இருந்ததா?
– வாசகி, சிவகாசி

அது பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் கழகமாகவே இருந்தது. ஆலையிலும் வயலிலும் வேலை செய்த பெண்ணுக்கு உரை கேட்க நேரம் ஏது? கழகத்தினர் அவர்களுக்காகப் பள்ளியும் தொழிற்கூடமும் அமைத்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தது அரிது. நல்ல தாயாக இருந்து தேசத்துக்கு நல்ல பிள்ளைகளை வளர்ப்பதற்காகவே பெண்கள் படிக்க வேண்டும் என்ற வாதத்தையும் அக்காலத்துச் செக் தேசியவாதிகள் பலர் விரும்பிப் பயன்படுத்தினார்கள். பெண் தனக்காகப் படிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்ல இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. நான் போற்றும் கழகம் என்பதற்காக இந்தக் குறையை மறைப்பது முறையன்று.

எங்கள் ஊர் மாதர் மன்றத்தில் முப்பது ஆண்டுகளாக மாதம் ஓர் உரை நடத்தி வருகிறோம். இப்போது இளம்பெண்கள் வருவதில்லை; கோயில் கட்டடக்கலை, சங்க இலக்கியம் என்று அழைப்பிதழ் அனுப்பினாலே சலித்துக்கொள்கிறார்கள். பிராகாக் கழகத்திடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள ஏதேனும் உண்டா?
– மன்றச் செயலாளர், பொள்ளாச்சி வட்டம்

அம்மா, முப்பது ஆண்டுகள் நாற்காலி போட்டு எடுத்தவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பிராகாவில் அவர்கள் செய்தவற்றுள் உங்களுக்குப் பயன்படக் கூடியதாக எனக்குத் தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் முதலில் பெண்களின் கைக்கு வேண்டிய கருவியைக் காட்டினார்கள். உரை அதற்குப் பின்னால் வந்தது. தையல் இயந்திரத்தைப் பார்க்க வந்தவர்களே பிறகு வானியல் கேட்க உட்கார்ந்தார்கள். உங்கள் ஊரில் இன்றைய இளம்பெண்ணின் கையில் இருக்கும் வேலை என்ன, அவளை அலைக்கழிக்கும் சிக்கல் என்ன என்று கேட்டு, அதிலிருந்து ஓர் உரையைத் தொடங்கினால் சங்க இலக்கியத்துக்கும் அவள் வருவாள். கட்டடக்கலையைப் பேச ஆள் அழைப்பதோடு, அந்தக் கோயிலுக்கே ஒருநாள் எல்லாரும் வண்டி பிடித்துச் சென்று, சிற்பத்தின் முன் நின்று கேட்கலாம். பிராகாவினரும் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை, சேர்ந்து வெளியே சென்று பார்ப்பதையும் கல்வியாகவே கொண்டார்கள்.

அந்த வீட்டில் நூலகம் ஒன்றும் இருந்தது. உரை கேட்டுவிட்டு, அதே பொருளைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் படிக்க முடிந்தது. நாபிர்ஸ்தெக், செய்தித்தாள் துணுக்குகளையும் விருந்தினர்களின் படங்களையும் பெரிய பெரிய ஏடுகளில் ஒட்டிச் சேர்த்து வைத்தார். அவற்றைக் கொண்டுதான் அந்த வட்டத்தின் வரலாற்றை இன்று எழுத முடிகிறது. உங்கள் மன்றத்தின் முப்பது ஆண்டு அழைப்பிதழ்களும் வருகைப் பதிவேடுகளும் யாருடைய அலமாரியில் இருக்கின்றன என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். எந்த ஆண்டு யார் வந்து எதைப் பேசினார் என்று எழுதி, கேட்டவர்களின் நினைவுகளையும் சேர்த்து ஒரு குறிப்பேடு ஆக்குங்கள். அந்த வேலையை இளம்பெண்களிடமே ஒப்படைக்கலாம். கைபேசியில் படம் எடுத்துச் சேமிப்பதில் அவர்கள் நம்மைவிட வல்லவர்கள்.

இந்தியாவோடு அந்த வீட்டுக்குத் தொடர்பு உண்டா?
– வாசகர், புதுச்சேரி

உண்டு. நாபிர்ஸ்தெக் தொடங்கிய அருங்காட்சியகம் முதலில் தொழிற்கலைக்கென்று அமைந்தது; பயணிகள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களால் அது ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்கப் பண்பாடுகளின் காட்சியகமாக வளர்ந்தது. 1875 முதல் 1883 வரை கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய செக் அறிஞர் ஒத்தகார் ஃபைஸ்ட்மாந்தெல் சேர்த்த இந்தியப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பிராகா என்றதும் நினைவுக்கு வருபவர் தமிழறிஞர் கமில் சுவெலபில். அவர் மிகவும் பிற்காலத்தவர், கழகத்தோடு அவரை இணைத்துச் சொல்ல இடமில்லை.

அந்தக் கழகம் இப்போதும் இருக்கிறதா? பிராகாவுக்குச் சென்றால் அந்த வீட்டைப் பார்க்கலாமா?
– வாசகி, சென்னை

1894இல் நாபிர்ஸ்தெக் மறைந்த பிறகு, அவருடைய மனைவி யோசெபா 1907இல் தாம் மறையும்வரை அந்த வீட்டின் பணிகளைப் பேணினார். இரண்டு உலகப் போர்களையும் கண்ட கழகம், 1948இல் ஏற்பட்ட பொதுவுடைமை ஆட்சியில் நின்றுபோயிற்று. ஏறக்குறைய அரை நூற்றாண்டு மௌனத்துக்குப் பின், 1996இல் செக் பெண்கள் அதே பெயரில் அதை மீண்டும் தொடங்கினார்கள். நாட்டின் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றிய உரைகள் மறுபடியும் நடக்கலாயின.

வீட்டைத் தேடிச் செல்வது எளிது. பிராகாவின் புகழ்பெற்ற சார்லஸ் பாலத்திலிருந்து பழைய நகரத்தின் சந்துகள் வழியே சிறிது தொலைவு நடந்தால் பெத்லகேம் சதுக்கம் வந்துவிடும். தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாக இன்று இயங்கும் நாபிர்ஸ்தெக் அருங்காட்சியகம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. உள்ளே நுழையும் முன், சதுக்கத்தின் மறுபக்கத்தில் கூர்மையான இரட்டைக் கூரையுடன் நிற்கும் பெத்லகேம் தேவாலயத்தையும் பாருங்கள். மக்களுக்குச் செக் மொழியிலேயே சமயவுரை ஆற்றுவதற்கென்று 1391இல் நிறுவப்பட்ட தேவாலயம் அது. சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1402 முதல் அங்கேதான் பேசினார். அதற்காகவும் பிறவற்றுக்காகவும் 1415இல் எரித்துக் கொல்லப்பட்டார். இன்று நீங்கள் காணும் கட்டடம் 1950களில் திரும்பக் கட்டியது. பழைய தேவாலயத்தை 1786இல் இடித்துவிட்டார்கள். ஆகவே 1865இல் கரோலினா ஸ்வெத்லாவும் தோழியரும் உரை கேட்க வந்தபோது அங்கே தேவாலயம் இல்லை. அந்தச் சதுக்கத்தில் செக் மொழிப் பேச்சைக் கேட்க மக்கள் கூடிய இடம், எதிரே இருந்த பீர் ஆலைக்காரம்மாவின் வீடு.